பாலிக் புலாவின் ‘சப்பான் ரொட்டி’: ஒரு வீட்டு உணவின் காலக்கணிப்பு

முன்னுரை

பினாங்குத் தீவின் மேற்குப் புறத்தில், மலைத்தொடருக்கு அப்பால் அமைந்துள்ள ஊர் பாலிக் புலாவ். ‘தீவின் பின்புறம்’ என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். சாதிக்காய், கிராம்பு, டுரியான் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற மலைச்சரிவுகளும், கடலை நோக்கிச் சரியும் சமவெளியில் மலாய்க் கம்பங்களும் சூழ்ந்தது இவ்வூர். சுங்கை பூரோங் பகுதியில் இன்றும் நெல் விளைகிறது. மலேசியத் தமிழர் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் இரப்பர்த் தோட்டங்களையே களமாகக் கொண்டமையால், தமிழர் சிறு தொகையினராக வாழும் இத்தகைய ஊர்கள் அவ்வரலாற்றில் மிகுதியாக இடம்பெறவில்லை.

இவ்வூரில் வாழும் என் அத்தையார் வீட்டில், மாலை வேளைகளில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு ரொட்டி சுடுவது வழக்கம். அவ்வீட்டில் அதற்கு வழங்கும் பெயர் ‘சப்பான் ரொட்டி’. சப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காதபோது பாட்டி சுட்ட ரொட்டி என்பதே அப்பெயருக்குக் கூறப்படும் விளக்கம். என் சிறு வயதில் அதனைக் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டேன். பின்னர் வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில் காலனித்துவ நிருவாகம் பற்றிய எழுத்துகளைப் படிக்கும்போதுதான் அவ்விளக்கத்தில் ஓர் இடர்ப்பாடு இருப்பது புலனாயிற்று. அந்த ரொட்டியில் கோதுமை மாவு சேர்கிறது. ஆக்கிரமிப்புக் காலத்து ஏழைக் குடும்பம் ஒன்றுக்குக் கோதுமை மாவு எங்கிருந்து கிடைத்திருக்கும்?

இவ்வினாவைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். குடும்ப நினைவு பொய் என்று காட்டுவதற்காக இது எழுதப்படவில்லை. நினைவு, பண்டம், கைப்பழக்கம் ஆகிய மூன்றையும் தனித்தனியே காலம் குறித்துப் பார்த்தால், நம் வரலாற்று நூல்கள் விரைந்து கடந்துவிடும் சில ஆண்டுகள் வெளிப்படும் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

செய்முறை

முதலில் அந்த ரொட்டி எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைக் காண்போம். கிழங்கைத் தோலுடன் வேகவைத்து, சூடு ஆறுமுன் தோலுரித்துக் கட்டியின்றி மசிக்க வேண்டும். இரண்டு பங்கு எடையுள்ள மசியலுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கோதுமை மாவு, உப்பு, ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவல். தண்ணீர் சேர்ப்பதில்லை. கிழங்கின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீராகவே இருப்பதால் அந்த ஈரமே மாவைப் பிசையப் போதுமானது. பிசைந்ததை எலுமிச்சை அளவுக்குச் சற்றுப் பெரிய உருண்டைகளாக்கி, எண்ணெய் தடவிய வாழையிலையில் வைத்து விரல்களால் தட்டி வட்டமாக்கி, இலையோடு தோசைக்கல்லில் கவிழ்த்து இலையை உரித்தெடுக்க வேண்டும். மேலே ஒரு மூடியிட்டு, இளந்தீயில் இருபுறமும் வேகவிட வேண்டும்.

கிழங்கை மெதுவாக வேகவைப்பதற்கும் காரணமுண்டு. கிழங்கில் இயற்கையாகவே உள்ள நொதி, வெப்பம் படிப்படியாக ஏறும்போது மாப்பொருளின் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றுகிறது. கொதிநிலைக்கு விரைந்து சென்றால் அந்நொதி செயலிழந்துவிடும். அத்தையார் நொதியை அறியார். ஆனால் தீயைக் குறைத்துவை என்று சொல்லத் தவறுவதில்லை.

இச்செய்முறையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கோதுமை மாவு சேர்ந்த பிசையலைக் கட்டையால் தேய்த்து மெல்லிய சப்பாத்தியாக்க இயலும். அத்தையாரோ தேய்ப்பதில்லை, தட்டுகிறார். தேய்த்தால் விரைவில் முடியுமே என்று கேட்டபோது, அம்மா தட்டித்தான் சுடுவார் என்பதற்கு மேல் அவரிடம் விடையில்லை. இக்குறிப்புக்குப் பின்னர் திரும்புவோம்.

அரிசிக்குப் பழகிய நாடு

சப்பானியர் வருகைக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே விளைவித்தது. எஞ்சியது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. ஈயமும் இரப்பரும் ஏற்றுமதியாகி அரிசி இறக்குமதியாகும் இவ்வேற்பாடு காலனித்துவப் பொருளியலின் அடித்தளமாக விளங்கியது. அன்றைய பர்மா ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்தது. மலாயா, இலங்கை, வங்காளம், சென்னை மாகாணம் யாவும் ஏதோ ஓர் அளவில் அவ்வரிசியைச் சார்ந்திருந்தன.

மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழர்கள் பலர் வட ஆர்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களின் புன்செய்ப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். அங்கே எளியோரின் அன்றாட உணவு கேழ்வரகும் கம்பும் சோளமும் ஆகும். நெற்சோறு என்பது விழா நாளின் உணவு. கடல் கடந்து வந்த பிறகே அவர்களுக்கு அரிசி நாள்தோறும் உண்ணும் உணவாயிற்று. கங்காணியின் கடனும் துண்டலின் கடுமையும் நிறைந்த வாழ்வில், வந்ததற்குப் பயன் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளக்கூடிய சிலவற்றுள் அரிசிச்சோறும் ஒன்று. அதனை இழந்தபோது ஏற்பட்ட வலி பசியோடு மட்டும் நின்றிராது என்பதை இப்பின்னணியில்தான் உணர முடியும்.

ஆக்கிரமிப்பும் கிழங்கும்

1941 டிசம்பர் 8ஆம் நாள் சப்பானியப் படைகள் கோத்தா பாருவில் கரையிறங்கின. 11ஆம் நாள் ஜோர்ஜ் டவுன் குண்டுவீச்சுக்கு உள்ளானது. நகர மக்கள் தீவின் உட்பகுதிகளுக்கும் மலையடிவாரங்களுக்கும் ஓடினர். ஐரோப்பியர்கள் இரவோடிரவாக வெளியேற்றப்பட, ஏனையோர் கைவிடப்பட்டனர். 19ஆம் நாள் பினாங்கு சப்பானியர் வசமாயிற்று. 1942 மார்ச்சு 8ஆம் நாள் இரங்கூனும் வீழ்ந்தது.

பர்மாவும் மலாயாவும் ஒரே ஆட்சியின்கீழ் வந்த பின்னரும் பர்மா அரிசி ஏன் இங்கு வரவில்லை என்ற வினா எழலாம். கப்பல்களைச் சப்பானியப் படை தன் தேவைக்கு எடுத்துக்கொண்டது. எஞ்சியவற்றை நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. வாங்குவோரை இழந்த பர்மிய உழவர்கள் நிலத்தைத் தரிசாக விட்டனர். ஓரிடத்தில் நெல்லுக்கு விலையில்லை. மற்றோரிடத்தில் விலை கொடுத்தாலும் நெல்லில்லை. 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்துக்குரிய காரணங்களுள் பர்மா அரிசி நின்றதும் ஒன்றாகும்.

பினாங்குக்கு மற்றுமோர் அடி விழுந்தது. 1943ஆம் ஆண்டில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் சப்பான் தன் நட்பு நாடாகிய சயாமுக்கு வழங்கிவிட்டது. கெடா வடமலாயாவின் நெற்களஞ்சியம். கண்ணுக்கெட்டும் தொலைவிலுள்ள நெல்வயல்கள் பினாங்கு மக்களுக்கு வேற்று நாட்டு நிலமாயின.

பங்கீட்டு அரிசி குறையக் குறைய, வீட்டு முற்றங்களிலும் திடல்களிலும் கிழங்கு பயிரிடுமாறு ஆட்சியினர் வற்புறுத்தினர். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் முதன்மை உணவாயின. சர்க்கரைவள்ளியை நாடியதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. அது மூன்று நான்கு மாதங்களில் விளையும். கொடித்துண்டை நட்டாலே போதும். விதைக்கென உணவை ஒதுக்க வேண்டியதில்லை. மெலிந்த மண்ணிலும் வேர்விடும். அதன் இலை கீரையாகும். கங்கோங் கீரையும் அதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

இக்கிழங்கு தமிழருக்குப் புதியதன்று என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அதன் தாயகம் அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியாகும். 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் போர்த்துக்கீசியர், இசுபானியர் ஆகியோரின் கடல்வழிகளில் அது ஆசியாவில் பரவிற்று. 1593இல் பிலிப்பைன்சிலிருந்து சீனத்தின் பூசியான் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அடுத்த ஆண்டிலேயே பஞ்ச நிவாரணப் பயிராக அங்கே ஊக்குவிக்கப்பட்டது. புறநானூற்றின் 109ஆம் பாடலில் கபிலர் பாரியின் பறம்புமலையில் உழாமலே கிடைப்பனவாக எண்ணும் நான்கனுள் வள்ளிக்கிழங்கும் ஒன்று. ஆயின் அது நம் மலைகளுக்கே உரிய காட்டுவள்ளியாகும். கடல் வழி வந்த இனிப்புக் கிழங்குக்குத் தமிழர் அப்பழைய பெயரையே கொடுத்து, ‘சர்க்கரை’ என்ற அடையைச் சேர்த்துக்கொண்டனர். பறம்புமலை முற்றுகையிடப்பட்ட காலத்து உணவாகப் போற்றப்பட்ட பெயர், மற்றொரு முற்றுகைக் காலத்து உணவுக்கும் அமைந்தது ஒரு தற்செயல் பொருத்தமே.

கிழங்கு வயிற்றை நிரப்பியதேயன்றி உடலைத் தாங்கவில்லை. 100 கிராம் அரிசி ஏறத்தாழ 360 கலோரி ஆற்றலும் 7 கிராம் புரதமும் தரும். அதே எடையுள்ள பச்சைச் சர்க்கரைவள்ளி 86 கலோரியும் ஒன்றரை கிராமுக்குச் சற்று மிகுந்த புரதமும் மட்டுமே தரும். அரிசிக்கு ஈடாக வேண்டுமெனில் நான்கு மடங்குக்கு மேல் உண்ண வேண்டும். அவ்வளவு கிழங்கு எந்த வீட்டிலும் இல்லை. மரவள்ளியில் புரதம் இன்னும் குறைவு. கால்வீக்கமும் ஆறாப் புண்களும் தோட்டப்புற லயங்களில் பரவின. ஆண்களில் பலர் சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1943 அக்டோபரில் நிறைவுற்ற 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்கு மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்; பல்லாயிரவர் திரும்பவில்லை. எஞ்சிய பெண்களே மண்ணைக் கொத்திக் கிழங்கு நட்டனர். அப்போது செபெராங் பிறைத் தோட்டமொன்றில் பதின்ம வயதுப் பெண்ணாக இருந்த என் பாட்டியும் அவர்களுள் ஒருவர்.

மாவு தரும் சான்று

இனி நம் வினாவுக்கு வருவோம். கோதுமை மலாயாவில் விளைவதில்லை. போருக்கு முன் கோதுமை மாவு பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. போர் தொடங்கியதும் அவ்வரவு அற்றுப்போயிற்று. இருப்பிலிருந்த மாவும் தீர்ந்த பின், அதன் இடத்தை மரவள்ளி மாவே பிடித்தது. கள்ளச் சந்தையில் எப்பொருளும் கிடைத்திருக்கலாம். ஆனால் வாழைமர நோட்டின் மதிப்பு நாள்தோறும் சரிந்த அக்காலத்தில், பால்மரம் வெட்டும் குடும்பம் ஒன்று கோதுமை மாவை வாங்கி நாள்தோறும் ரொட்டி சுட்டது என்பது நம்பத்தக்கதன்று. ஆகவே இன்று நாம் உண்ணும் வடிவில் இந்த ரொட்டி ஆக்கிரமிப்புக் காலத்தில் இருந்திருக்க முடியாது.

எனில், கோதுமை மாவு எப்போது இந்த அடுப்பை அடைந்தது? 1945 செப்டம்பர் 3ஆம் நாள் பிரித்தானியப் படையினர் பினாங்கில் மீண்டும் கரையிறங்கினர். நம் பாடநூல்களில் பசியும் அன்றோடு முடிந்துவிடுகிறது. நடந்தது அதுவன்று. பிரித்தானிய இராணுவ நிருவாகம் சப்பானிய நாணயம் செல்லாது என அறிவித்தது. அதனால் கையிலிருந்த பணம் ஒரே நாளில் வெறுந்தாளாயிற்று. பர்மாவின் வயல்கள் மீளவில்லை. 1946 சனவரி 1ஆம் நாள் கையெழுத்தான உடன்பாட்டின்படி சயாம் பதினைந்து இலட்சம் டன் அரிசியை விலையின்றி வழங்க ஒப்புக்கொண்டது. விலையில்லா அரிசியை யார் விரும்பி ஒப்படைப்பர்? அரிசி பதுக்கலிலும் கடத்தலிலும் மறைந்தது. அவ்வாண்டுக்குள்ளேயே அவ்வேற்பாட்டைக் கைவிட்டு விலை கொடுக்க வேண்டியதாயிற்று. தென்கிழக்காசியாவின் அரிசிப் பற்றாக்குறையைக் கவனிப்பதற்கெனவே கில்லெர்ன் பிரபு 1946இல் சிறப்பு ஆணையராகச் சிங்கப்பூரில் அமர்த்தப்பட்டார். ஒரு பேரரசு தன் மூத்த அரசதந்திரி ஒருவரை அரிசிக்காக அனுப்பும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது.

இந்த ஆண்டுகளில்தான் பங்கீட்டு அரிசிக்குத் துணையாகக் கோதுமை மாவு மக்களுக்கு வழங்கப்பட்டது. சோறு உண்டு பழகியோர் அதனை விரும்பவில்லை. என்ன செய்வது என்றும் பலருக்குத் தெரியவில்லை. இலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது. 1942இல் பர்மா அரிசி நின்ற பின் பங்கீட்டின் வழியாக வந்த கோதுமை மாவே, நகரங்களிலும் மலையகத் தோட்டங்களிலும் ரொட்டியை அன்றாட உணவாக நிலைபெறச் செய்தது. மலாயாவில் போருக்குப் பின்னரே அம்மாவு இவ்வாறு வந்தது என்பதே வேறுபாடு. 1946, 1947ஆம் ஆண்டுகளின் தோட்டப்புற வேலைநிறுத்தங்களைக் கருத்தியல் நோக்கில் மட்டும் ஆராய்வோர், அவ்வேலைநிறுத்தங்களில் ஈடுபட்டோரின் வீட்டில் அன்று உலையில் என்ன இருந்தது என்பதையும் கேட்டறிதல் நலம்.

பங்கீட்டு மாவு ஒரு பங்கு. கொல்லையில் விளைந்த கிழங்கு இரண்டு பங்கு. குறைந்த மாவைப் பெருக்கிக் காட்டவே கிழங்கு சேர்ந்திருக்க வேண்டும். இன்றைய செய்முறையின் அளவு விகிதம் அப்பங்கீட்டின் எச்சம் எனக் கொள்வது பொருந்தும். ஆக, பெயர் 1942ஐச் சுட்டுகிறது. மாவோ 1946ஐச் சுட்டுகிறது.

கை தரும் சான்று

தேய்க்காமல் தட்டுவதேன் என்ற குறிப்புக்கு இப்போது திரும்பலாம். கோதுமை மாவில் தண்ணீர் சேரும்போது உண்டாகும் பசைப்புரதமே அதனை இழுபடச் செய்கிறது. கிழங்கிலும் மரவள்ளி மாவிலும் அப்புரதம் இல்லை. மசித்த கிழங்கில் மரவள்ளி மாவைக் கலந்து தேய்த்தால் விரிந்து கிழியும். தடித்த சிறு வட்டங்களாக இலையில் தட்டி, அசைக்காமல், மூடியிட்டு வேகவைத்தாலன்றி அது ரொட்டியாகாது. கோதுமை மாவு வந்த பின் தேவையற்றதாகிவிட்ட இலையும் மூடியும் எங்கள் வீட்டில் இன்றும் தொடர்வதற்கு, கோதுமைக்கு முந்திய ஒரு ரொட்டி அவ்வடுப்பில் இருந்தது என்பதே ஏற்புடைய விளக்கம். எனவே குடும்ப நினைவு பிழையன்று. சப்பானியர் காலத்தில் ஒரு கிழங்கு ரொட்டி இருந்தது. நாம் உண்பது அதன் வழித்தோன்றல்.

ஆயினும் அத்தட்டும் கை சப்பானியர் காலத்தில் பிறந்ததும் அன்று. பசைப்புரதம் இல்லாத மற்றொரு மாவைத் தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தட்டி வந்துள்ளனர். அது கேழ்வரகு. சேலத்திலோ வட ஆர்க்காட்டிலோ கேழ்வரகு ரொட்டி இன்றும் இலையிலோ துணியிலோ தட்டியே சுடப்படுகிறது. அரிசிச்சோறு கிடைத்ததும் மலாயாவில் ஓய்வுபெற்ற அப்புன்செய் நிலத்துக் கைத்திறன், அரிசி மறைந்ததும் கிழங்கின் மீது மீண்டும் எழுந்தது எனலாம். பாட்டியின் தாயார் கேழ்வரகு உண்டு வளர்ந்தவர் என்பது குடும்பத்தில் அறிந்த செய்தி.

இவ்வாறு ஒரு ரொட்டியில் மூன்று காலங்கள் படிந்துள்ளன. கை, புலம்பெயர்வுக்கு முந்திய தமிழகத்துக்குரியது. கிழங்கு, ஆக்கிரமிப்புக் காலத்துக்குரியது. மாவு, போருக்குப் பிந்திய பங்கீட்டுக்குரியது.

இன்னும் ஒன்று விளக்கப்பட வேண்டும். போருக்குப் பின் தாத்தாவின் சாலைப்பணி காரணமாகப் பாலிக் புலாவுக்குக் குடிவந்த பாட்டி, தம் வாழ்நாள் இறுதிவரை மரவள்ளிக்கிழங்கை உண்ணவில்லை. பக்கத்து வீட்டார் அன்புடன் கொடுத்தாலும் வாங்கி வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். ஆனால் சர்க்கரைவள்ளி ரொட்டியை அவரே விரும்பிச் சுட்டார். இரண்டும் அதே பஞ்சத்தின் உணவுகளாயிருக்க, ஒன்றை விலக்கி மற்றொன்றைப் போற்றியது ஏன்? இதற்கு என்னிடம் உள்ளது ஊகமே. மரவள்ளி அவருக்குப் பசியின் உணவு. கோதுமை மாவு சேர்ந்த இந்த ரொட்டியோ பசி தணியத் தொடங்கிய நாளின் உணவு. போருக்குப் பின் பிறந்த அத்தையார் தம் தாயின் துயரக் கதைகளையும் தாம் உண்ட ரொட்டியையும் இணைத்து, அதற்குச் ‘சப்பான் ரொட்டி’ என்று பெயர் வழங்கியிருக்கலாம். பாட்டி அப்பெயரைச் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

முடிவுரை

அரசுக் கோப்புகள் அரிசியை டன்னிலும் அவுன்சிலும் அளந்தன. அடுப்பில் அது என்னவாயிற்று என்பதை அவை எழுதவில்லை. எழுத வேண்டிய கடமையும் அவற்றுக்கு இல்லை. அக்கடமை நமக்கு உண்டு. சிங்கப்பூரில் 1979இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கப்பட்டு, ஆக்கிரமிப்புக் கால நினைவுகள் முறையாகப் பதிவு செய்யப்பட்டன. மலேசியத் தமிழரிடையே, குறிப்பாகச் சயாம் இரயில் பாதைக்குச் சென்றோரின் குடும்பங்களிடையே, தனியார்வத்தால் நடந்த பணிகள் போற்றத்தக்கவை. ஆயினும் அவை பெரிதும் ஆண்கள் சென்ற இடங்களைத் தொடர்ந்தன. வீட்டில் எஞ்சி நின்ற பெண்கள் என்ன செய்தனர் என்ற வினா போதிய அளவு கேட்கப்படவில்லை.

1942இல் பத்து வயதுச் சிறுமியாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். நேரில் கேட்கும் வாய்ப்பு மிகச் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளது. துயரத்தைப் பற்றிக் கேட்டால் முதியோர் பலர் வாய் திறப்பதில்லை. அல்லது பலமுறை சொல்லித் தேய்ந்த கதையையே சொல்வர். என்ன மாவு, எவ்வளவு, எந்தக் கடையில், தட்டினீர்களா தேய்த்தீர்களா என்று கேட்டால் கை அசைந்து விடை கூறும் என்பதை அத்தையார் வீட்டு அடுப்படியில் கண்டேன். இத்துறை மாணவர்கள் தம் களப்பணியில் இத்தகைய வினாக்களையும் சேர்த்துக்கொள்வார்களாயின், 1945க்கும் 1950க்கும் இடைப்பட்ட பசியின் வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகள் பெருகும்.

பாலிக் புலாவில் அந்த ரொட்டி இன்றும் சுடப்படுகிறது. இளைய தலைமுறையினர் அதனை உடலுக்கு நலம் தரும் உணவென்று விரும்புகின்றனர். சிலர் ஆட்டா மாவில் தேய்த்தும் சுடுகின்றனர். அது குறையன்று. ஆனால் தட்டும் கை மாறும்போது, ஒரு சான்றும் மறைகிறது. மறையுமுன் அதனைக் குறித்துவைப்பதற்காகவே இக்கட்டுரை எழுதப்பட்டது.